கவனம் கூட்டும் அமினோ அமிலங்கள்: எதை எதோடு, எவ்வளவு?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 27. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு வரை படிப்பேன். விடியற்காலை நாலரைக்கு மறுபடி எழுந்து உட்காருவேன். படித்தது எதுவும் மனதில் நிற்பதில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் அத்தை மகன் ஒரு பட்டியல் கொடுத்தார். எல்-டைரோசின், எல்-தியானின், அசிட்டைல் எல்-கார்னிடின், டாரின் நான்கையும் காலையில் வே புரோட்டீனில் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) கலக்கிக் குடிக்க வேண்டும். ராத்திரி 5-எச்.டி.பி. 100 மி.கி. மாத்திரை. ஆன்லைனில் எல்லாம் வாங்கிவிட்டேன். இன்னும் தொடங்கவில்லை. இவற்றை ஒன்றாகக் கலக்கலாமா? என் எடை 52 கிலோ. எனக்கு எவ்வளவு சரியான அளவு? அப்பாவுக்குப் பார்க்கின்சன் இருக்கிறது. டைரோசினிலிருந்துதான் டோபமின் வருகிறது என்கிறார்களே, அவருக்கும் கொடுக்கலாமா? தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரையைக் காலைக் காபியோடு போடுகிறேன். ஆறு மாதமாகப் பதட்டத்துக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எடுக்கிறேன்.
பெயர் வெளியிட வேண்டாம், கடலூர்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது. புதுச்சேரியில் என்னிடம் வருகிறவர்களும் இப்படித்தான். வாங்கிவைத்த சத்துப் பொடிகளைப் பற்றி விரிவாகச் சொல்வார்கள். தினமும் விழுங்கும் மாத்திரையை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து சொல்வார்கள். ஒரு சப்ளிமென்ட் ஒருவருக்கு ஆகுமா ஆகாதா என்பதைப் பெரும்பாலும் அந்தப் பழைய மாத்திரைதான் தீர்மானிக்கிறது.

முதலில் 5-எச்.டி.பி. அதைத் தொடாதீர்கள். இன்னும் பிரிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். காரணம் இதுதான். நாம் சாப்பிடும் புரதத்தில் உள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் உடலில் 5-எச்.டி.பி.யாகவும், அதிலிருந்து செரடோனின் என்ற, நரம்புகளிடையே செய்தி கடத்தும் ரசாயனமாகவும் மாறுகிறது. இதில் முதல் படியில் உடல் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தேவைக்கு மேல் போகாமல் அங்கேதான் நிறுத்தும். 5-எச்.டி.பி.யை நேராக விழுங்கினால் அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டிவிடுகிறோம். எஸ்சிட்டலோபிராம் என்ன செய்கிறது? நரம்பு முனைகளில் வெளியான செரடோனின் திரும்ப உள்ளே இழுக்கப்படாமல் தடுக்கிறது. ஒரு பக்கம் உற்பத்தியைக் கூட்டி, மறுபக்கம் வடிகாலை அடைத்தால் செரடோனின் அளவுமீறிப் பெருகும். அந்த நிலைக்கு செரடோனின் சிண்ட்ரோம் என்று பெயர். கை நடுக்கம், வியர்வை, அமைதியில்லாமல் தவிப்பது, வயிற்றுப்போக்கு, இதயம் படபடப்பது, தசைகள் தானாகத் துள்ளுவது, காய்ச்சல் என்று வரும். மருந்து சேர்த்த சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடலாம். முற்றினால் உயிருக்கு ஆபத்து. லேசாக இருக்கும்போது பார்த்தால் 'பதட்டம் கூடிவிட்டது' என்றுதான் தோன்றும். பதட்டத்துக்கே மாத்திரை எடுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஏமாறும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆர்வத்தில் ஒன்றிரண்டு மாத்திரை ஏற்கெனவே போட்டிருந்து இந்த அறிகுறிகள் இருந்தால், காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சில இருமல் சிரப்புகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், வலிக்குக் கொடுக்கும் டிரமடால் இரண்டும் எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்தால் இதே வழியில் போகக்கூடியவை. மருந்துக் கடையில் எதை வாங்கினாலும் 'நான் எஸ்சிட்டலோபிராம் எடுக்கிறேன்' என்று சொல்லி வாங்குங்கள். சொல்லக் கூச்சப்பட வேண்டாம். 5-எச்.டி.பி. எடுக்க ஆசைப்பட்டு எஸ்சிட்டலோபிராமை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். அது தேர்வுக்குப் படிப்பவருக்கு இன்னும் மோசம்.

அடுத்து, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்: தைராய்டு மாத்திரையைக் காலைக் காபியோடு போடுகிறேன் என்பது. என் கணிப்பில் உங்கள் கவனக் குறைவுக்கு வாங்கிவைத்த பொடிகளையெல்லாம்விடப் பெரிய விடை இந்தக் காபியில் இருக்கலாம். தைராக்சின் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவது மிக எளிதாகக் கெட்டுப்போகும். காபி அதைக் குறைக்கும். பாலில் உள்ள கால்சியமும் குறைக்கும். நீங்கள் 50 மைக்ரோகிராம் விழுங்கலாம். உடலுக்குப் போய்ச் சேர்வது அதற்குக் கணிசமாகக் குறைவாக இருக்கலாம். தைராய்டு ஹார்மோன் பற்றாக்குறையின் அடையாளங்கள் என்ன? மந்தம், சோர்வு, மறதி, படித்தது பதியாமல் போவது. நீங்கள் எழுதியிருப்பதும் அதுதான்.

நாளைக் காலையிலிருந்து இப்படிச் செய்யுங்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. அதன்பின் ஒரு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். காபி அதற்குப் பிறகுதான். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் எடுத்தால் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். புரோட்டீன் பவுடரையும் காலையில் சேர்க்காமல் மாலைக்குத் தள்ளிவிடுங்கள். இப்படி ஆறு முதல் எட்டு வாரம் எடுத்த பிறகு டி.எஸ்.எச். பாருங்கள். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் கூடும் அளவு அது. தைராக்சினின் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் முன்கூட்டிப் பார்த்தால் சரியான கணக்கு கிடைக்காது. தலைமுடிக்கென்று பயோட்டின் எடுக்கிறவராக இருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். பயோட்டின் சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச்.ஐ உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மருத்துவர் மாத்திரை அளவைத் தவறாகக் குறைக்க நேரும். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12 மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூளைக்கு ஆக்சிஜன் கொண்டுபோவதற்கே ஆள் இல்லாத இடத்தில் டைரோசின் போய் என்ன செய்யும்? தவிர, டைரோசினை டோபமின் என்ற மூளை ரசாயனமாக மாற்றும் பாதையில் முதல் படி ஏற்றும் நொதிக்கே (என்சைம்) இரும்பு தேவை.

இனி நீங்கள் நேராகக் கேட்டது: எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கலாமா?

வே புரோட்டீனில் டைரோசினைக் கலப்பது பணத்தை வீணாக்கும் வழி. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக அமினோ அமிலங்களுக்குக் குறிப்பிட்ட கடத்திகள் உண்டு. டைரோசின், டிரிப்டோஃபான், ஃபினைல்அலனின், லியூசின், ஐசோலியூசின், வேலின் எல்லாமே ஒரே கடத்தியைத்தான் நம்பியிருக்கின்றன. காலை எட்டரை மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் படிக்கட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யார் கூட்டமாக வருகிறார்களோ அவர்கள்தான் ஏறுவார்கள். ஒரு ஸ்கூப் வே புரோட்டீனில் லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றும் மட்டுமே சேர்ந்து ஐந்து கிராம் அளவுக்கு இருக்கும். அதற்குள் நீங்கள் போடும் அரை கிராம் டைரோசின் பின்னால் தள்ளப்பட்டுவிடும். டைரோசின் எடுப்பவர்கள் அதனால்தான் புரதம் இல்லாத வயிற்றில், வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பாக எடுப்பார்கள். டாரினுக்கும் கார்னிடினுக்கும் வழி வேறு. அவை இந்தப் போட்டியில் இல்லை.

அளவுக்கு வருவோம். டைரோசினைப் பற்றி நம்பத்தகுந்த ஆய்வுகள் பலவும் ராணுவத்திலிருந்து வந்தவை. 1989-ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் கடுங்குளிரிலும், மலை உச்சியில் இருப்பதுபோல் ஆக்சிஜன் குறைந்த காற்றிலும் வீரர்களை இருக்கவைத்து டைரோசின் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சூழலில் மனச்செயல்பாடு சரிவது குறைந்தது. அங்கே கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.கி. பிற்பாடு தூக்கம் இழந்தவர்களிடம் செய்த ஆய்வுகளில் கிலோவுக்கு 150 மி.கி. வரை போனார்கள். உங்கள் 52 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 5.2 கிராமிலிருந்து 7.8 கிராம். கடையில் விற்கும் 500 மி.கி. கேப்ஸ்யூலில் பத்து முதல் பதினைந்து! டப்பாவில் 'நாள் ஒன்றுக்கு ஒரு கேப்ஸ்யூல்' என்று போட்டிருப்பதில் இருக்கும் டைரோசின், இரண்டு முட்டையில் இருப்பதுதான்.

அப்படியானால் பத்துப் பதினைந்தாக விழுங்கலாமா என்றால், வேண்டாம். டைரோசினை டோபமினாக்கும் நொதி, சாதாரண நாளில் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழு வேகத்தில்தான் ஓடுகிறது. டோபமின் சேர்ந்துவிட்டால் அந்த நொதியே தன்னை அடக்கிக்கொள்ளும். குளிர், தூக்கமின்மை, கடும் நெருக்கடி என்று நரம்புகள் ஓயாமல் வேலை செய்யும்போதுதான் மூலப்பொருள் தட்டுப்பாடு வருகிறது. அப்போதுதான் கூடுதல் டைரோசின் கொஞ்சம் கைகொடுக்கிறது. வீட்டு மேஜையில் உட்கார்ந்து இந்திய அரசியலமைப்பு படிக்கிறவருக்கு அது பெரிதாக எதையும் கூட்டித் தராது. அதோடு நீங்கள் பதட்டத்துக்கு மருந்து எடுப்பவர். டோபமினுக்கு அடுத்த படி நார்அட்ரினலின், அதற்கும் அடுத்தது அட்ரினலின். நெஞ்சுப் படபடப்பைக் கூட்டும் பாதை அது. தைராய்டு ஹார்மோன்கூட, டைரோசினும் அயோடினும் சேர்ந்து உண்டாவதுதான். உங்கள் தைராய்டு கணக்கு சரியாகும்வரை அந்தப் பக்கம் கை வைக்காமல் இருப்பதே நல்லது. என்-அசிட்டைல் எல்-டைரோசின் என்று கூடுதல் விலைக்கு விற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தண்ணீரில் நன்றாகக் கரையும், உண்மை. ஆனால் அதில் நல்ல பகுதி டைரோசினாக மாறாமலே சிறுநீரில் போய்விடுகிறது.

அசிட்டைல் எல்-கார்னிடினும் உங்களுக்கு ஆகாது. கார்னிடின் தைராய்டு ஹார்மோன் செல்லுக்குள் வேலை செய்வதைத் தடுக்கும் தன்மை கொண்டது. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பலன் பார்த்த ஆய்வே உண்டு. குறைவாகச் சுரக்கும் நீங்கள் அதை எடுத்தால் போடும் மாத்திரைக்கு எதிராக இன்னொன்றைப் போடுவதுதான். வலிப்பு நோய் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். டாரினை விட்டுவிடுங்கள், கவனத்துக்கு அது தனியாக எதுவும் செய்வதாகத் தெளிவான ஆதாரம் இல்லை.

மிஞ்சுவது எல்-தியானின். உங்கள் பட்டியலில் எனக்கு மனம் ஒப்புவது இது ஒன்றுதான். தேயிலையில் இயற்கையாக இருக்கும் அமினோ அமிலம் இது. தனியாக எடுத்தால் மனதைக் கொஞ்சம் தளர்த்தும். காஃபினோடு சேர்த்தால், காஃபின் தரும் விழிப்பு இருக்கும். அதன் படபடப்பு சற்று அடங்கும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் 50 மி.கி. காஃபினும் 100 மி.கி. தியானினும் சேர்த்துக் கொடுத்தபோது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவதில் வேகமும் துல்லியமும் கூடியது. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். மந்தமான மூளை கூர்மையாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு கோப்பைத் தேநீரில் தியானின் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும் என்பதால், ஆய்வில் கொடுத்த அளவைத் தேநீரில் எட்டுவது கடினம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய அளவு: 100 மி.கி. தியானின், காலைக் காபியோடு, அதாவது தைராய்டு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து. நாள் ஒன்றுக்கு 200 மி.கி.க்கு மேல் வேண்டாம். ரத்த அழுத்தத்தைச் சிறிது இறக்கக்கூடும்; உங்களுக்கு லோ பிரஷர் இருந்தால் எடுக்காதீர்கள். தொடங்குமுன் எஸ்சிட்டலோபிராம் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முதன்முதலாக எடுக்கும் நாள் தேர்வு நாளாக இருக்கவே கூடாது; ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் அதை மட்டும் எடுத்து, எத்தனை பக்கம் படித்தீர்கள், மறுநாள் எவ்வளவு நினைவிருந்தது, தூக்கம் எப்படி என்று நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் ஐந்தைத் தொடங்கினால், நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

காஃபின் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடல்நிலை உள்ள பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 400 மி.கி. வரை பாதுகாப்பானது என்பார்கள். பதட்டம் உள்ள உங்களுக்கு நான் 200-ஓடு நிறுத்தச் சொல்வேன். திக்கான டிகாக்ஷன் போட்ட ஃபில்டர் காபி இரண்டு டம்ளரிலேயே அது வந்துவிடும். காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பதுக்குக் குடித்தால் இரண்டு மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் காபி வேண்டாம். காஃபின் தூளாக விற்பதை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். ஒரு டீஸ்பூன் தூய காஃபின் கிட்டத்தட்ட 28 கப் காபிக்குச் சமம். அந்த அளவில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

பொடிகளை ஸ்பூனால் அளப்பதே ஆபத்தான பழக்கம். ஒரே ஸ்பூனில் ஒரு பொடி இரண்டு கிராம் பிடிக்கும். இன்னொன்று நான்கு கிராம். மில்லிகிராம் கணக்கில் எடுக்க வேண்டியதைக் கேப்ஸ்யூலாகவே வாங்குங்கள். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா, ஒவ்வொரு பொருளும் எத்தனை மி.கி. என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'கலவை மொத்தம் 2 கிராம்' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். உள்ளே எது எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 'அமினோ அமிலம்தானே, சாப்பாட்டில் இருப்பதுதானே' என்ற எண்ணத்தை 1989-ல் அமெரிக்காவில் நடந்தது உடைத்துப் போட்டது. எல்-டிரிப்டோஃபான் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கடுமையான தசைவலி நோய் பரவியது. 1,500-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு தயாரிப்பாளரின் சரக்கில் கலந்திருந்த அசுத்தத்தோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. எந்த சப்ளிமென்டால் உங்களுக்குத் தொந்தரவு வந்தாலும் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் அரசின் கட்டணமில்லா எண் 1800-180-3024-க்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். உங்களுக்கு நாளுக்கு 43 கிராம். கடலூரில் இருந்துகொண்டு இதற்குப் பவுடர் வாங்க வேண்டியதில்லை அம்மா. 150 கிராம் மத்தியோ கானாங்கெளுத்தியோ இருந்தால் புரதம் 30 கிராமை நெருங்கும். டைரோசின் மட்டுமே ஒரு கிராம் வரும். மீன் இல்லாத நாளில் முட்டை, ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை), சுண்டல். இட்லியில், அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை உளுந்து ஈடுகட்டிவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். இரும்புச் சத்து உறிஞ்சப்படுவது குறையும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். நான்கரை மணி நேரத் தூக்கத்தில் படித்தது நிற்காது. பகலில் படித்ததை மூளை நினைவில் பதிப்பதே தூக்கத்தில்தான். இரவுப் படிப்பைப் பத்தரைக்கு முடித்துவிட்டு விடியற்காலை ஐந்துக்கு எழுந்தால், படிக்கும் நேரம் இரண்டு மணி நேரம் குறையும். கையில் நிற்பது கூடும். இதை இரண்டு வாரம் செய்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், எஸ்சிட்டலோபிராமை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள், அதனால் மந்தம் இருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நேரத்தை மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும்.

கடைசியாக, அப்பா. அவருக்கு டைரோசின் கொடுக்காதீர்கள். பார்க்கின்சனில் டோபமினை உண்டாக்கும் நரம்பணுக்களே குறைந்துவிட்டன. மூலப்பொருளைக் கொட்டினாலும் அதை டோபமினாக்க ஆள் போதாது. அதனால்தான் ஒரு படி தாண்டிய லெவோடோபாவையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அவர் லெவோடோபா எடுப்பவரானால் இன்னொரு சிக்கலும் உண்டு. குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக, மேலே சொன்ன அமினோ அமிலங்களோடு லெவோடோபாவும் போட்டிபோட வேண்டும். டைரோசினோ வே புரோட்டீனோ சேர்த்தால் மாத்திரை போட்டும் நடுக்கம் அடங்காமல், உடம்பு விறைத்துப்போன நிலை வரலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் தள்ளிக் கொடுங்கள். அவருக்கு எடை குறைகிறது என்று பயந்துதான் புரதம் கொடுக்க நினைத்தீர்கள் என்றால், பருப்பும் மீனும் முட்டையும் ராத்திரிச் சாப்பாட்டில் கூடுதலாக வையுங்கள். பகலில் நடமாடும் நேரத்தில் மாத்திரை தடையில்லாமல் வேலை செய்யும். எந்த நேரத்தில் மாத்திரை போட்டார், எப்போது கை கால் இளகியது, எப்போது விறைத்தது என்று ஒரு வாரம் குறித்து வைத்து, அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.